78 வயது, கல்லீரலுக்குப் பரவிய கணையப் புற்றுநோய்: கீமோ கொடுப்பதா, எந்த அளவில்?

#1 மாவட்ட_மருத்துவர்

பயிற்சி மருத்துவர்கள் வகுப்புக்காகக் கட்டிய கேஸ் இது, நிஜ ஆள் இல்லை. பெண், 78 வயது, 42 கிலோ, 150 செ.மீ. உயரம். கணையத் தலையில் 3.5 செ.மீ. கட்டி, கல்லீரலில் நான்கைந்து இடங்களில் பரவல். காமாலையைக் காட்டும் பிலிருபின் 14. சிறுநீரகத்தைக் காட்டும் க்ரியாட்டினின் 0.9. ஹீமோகுளோபின் 10.4. சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஆம்லோடிபினும் ஓடுகின்றன. வீட்டுக்குள் தானே நடமாடுகிறார், சமையலில் பாதி அவர் கைதான். மூன்று மாதத்தில் 7 கிலோ இறங்கியிருக்கிறது. போன மாதம் குளியலறையில் ஒருமுறை விழுந்தார்.

"வயசாயிடுச்சு, ஒண்ணும் பண்ண வேணாம்" என்று ஒரு மகன். "ஃபுல் ட்ரீட்மென்ட் கொடுங்க" என்று இன்னொருவர். நீங்கள் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

#2 எண்டோ_மேசை

பித்தத்திலிருந்து. பிலிருபின் 14-ஐ வைத்துக்கொண்டு கீமோவைப் பற்றிப் பேசுவதே வீண். இரினோடெகான், நாப்-பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்துகள் கல்லீரல் வழியாக வெளியேறுபவை. பித்தம் தேங்கி நிற்கும்போது அவற்றை ஏற்றினால் வெள்ளை அணுக்கள் அதலபாதாளத்துக்குப் போகும்.

ஈஆர்சிபி செய்து, அதாவது வாய்வழி எண்டோஸ்கோப்பியில் பித்தநாளத்தை எட்டி, அடைப்பில் ஸ்டென்ட் குழாய் வைக்க வேண்டும். பரவிய நோய்க்கு உலோக ஸ்டென்ட்தான், அது விரிந்தால் 10 மி.மீ. விட்டம். பிளாஸ்டிக் 10 பிரெஞ்சு என்பது 3.3 மி.மீ. மட்டுமே, மூன்று மாதம் போல அடைத்துக்கொள்ளும். விலையைப் பார்த்துப் பிளாஸ்டிக் வைத்தால், கீமோ நடுவில் வெள்ளை அணு குறைந்திருக்கும் வாரத்தில் பித்தநாளத் தொற்று வந்து நிற்கும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் ஐசியூவில் போய்விடும்.

ஸ்டென்ட்டுக்கு முன் ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் நேரத்தின் அளவு) பாருங்கள். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே உறிஞ்சப்படாது, ஐஎன்ஆர் ஏறியிருக்கும். 10 மி.கி. வைட்டமின் கே நரம்பு வழியாக மெதுவாகக் கொடுத்து மறுநாள் திரும்பப் பாருங்கள். பயாப்சியை எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக அதே மயக்கத்திலேயே முடித்துவிடலாம். 78 வயதில் இரண்டு மயக்க மருந்துக்குப் பதில் ஒன்று என்பது சின்ன விஷயமில்லை. திசு அறிக்கை இல்லாமல் கீமோ தொடங்கக் கூடாது. ஹார்மோன் செல்களில் உருவாகும் நியூரோஎண்டோக்ரைன் கட்டியாக இருந்தால் மருத்துவமே வேறு.

சிஏ 19-9 என்ற இரத்தக் கட்டிக் குறிப்பானைக் காமாலையோடு எடுத்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. பித்தத் தேக்கமே அதை ஆயிரக்கணக்கில் ஏற்றும். பிலிருபின் இறங்கிய பிறகு எடுப்பதுதான் அடிப்படை அளவு. லூயிஸ் இரத்த வகை இல்லாதவர்களுக்கு அது எப்போதுமே ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

#3 ஆன்கோ_பிற்பகல்

டாக்டர் சொன்னதே முதல் படி. பிலிருபின் இறங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அந்த இடைவெளியை வீணாக்காமல் சாப்பாடு, வலி, சுகர் மூன்றையும் சரிசெய்தால் எந்தக் கீமோ என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தானாக வந்துவிடும்.

இனி எண்கள். 1997இல் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து வந்தபோது, பழைய மருந்தான 5-எஃப்யூவின் 4.4 மாத இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டும் காலம்) 5.65 மாதம் ஆனது. 2011இல் 5-எஃப்யூ, லூக்கோவோரின், இரினோடெகான், ஆக்சாலிப்ளாட்டின் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் 11.1 மாதம் காட்டியது, எதிரே ஜெம்சிடபின் 6.8. ஆனால் அந்தப் பிரெஞ்சு ஆய்வில் 75 வயதைத் தாண்டியவர்களைச் சேர்க்கவே இல்லை. 2013இல் ஜெம்சிடபின் கூட நாப்-பாக்ளிடாக்செல் சேர்ந்தபோது 8.5 மாதம், எதிரே 6.7. அதில் வயது உச்சவரம்பு கிடையாது என்றாலும் 75-ஐத் தாண்டியவர்கள் பத்தில் ஒருவர்தான். 2023இல் அதே கூட்டில் இரினோடெகானை லிப்போசோம் வடிவில் தரும் நாலிரிஃபாக்ஸ் 11.1, எதிரே ஜெம்-நாப் (ஜெம்சிடபினும் நாப்-பாக்ளிடாக்செலும்) 9.2.

78 வயது, 42 கிலோ, விழுந்த வரலாறு உள்ள ஒருவருக்கு இந்த எண்களில் எதையும் அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. 70 தாண்டிய, ஓரளவு தளர்ந்த நோயாளிகளுக்காகவே அமெரிக்காவில் ஜெயன்ட் என்ற ஆய்வு நடந்தது. ஒரு பக்கம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜெம்-நாப், இன்னொரு பக்கம் 5-எஃப்யூவும் லிப்போசோம் இரினோடெகானும். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் இடைநிலை ஆயுள் 5 மாதத்தை எட்டவில்லை. குடும்பத்திடம் பேசும்போது என் கையில் இருக்கும் எண் இதுதான், 11.1 அல்ல.

#4 முழு_டோஸ்

இப்படிப் பேசிப் பேசித்தான் வயதானவர்களுக்கு எல்லோரும் குறைவாகக் கொடுக்கிறோம். வயது வேறு, தளர்ச்சி வேறு. 76 வயதில் தினம் நான்கு கிலோமீட்டர் நடப்பவர் இருக்கிறார், 62 வயதில் படுக்கையில் கிடப்பவரும் இருக்கிறார். வயதை மட்டும் பார்த்து ஜெம்சிடபின் தனியாக என்று எழுதுவது சோம்பேறித்தனம்.

#5 ஆன்கோ_பிற்பகல்

முழு டோஸ் சார், பாதி ஒத்துக்கொள்கிறேன். வயதை மட்டும் பார்க்கக் கூடாது. அதற்காகத்தான் கணக்குப் போடச் சொல்கிறேன், கண்ணால் பார்த்து முடிவெடுக்காமல்.

கார்க் மதிப்பெண் என்று ஒன்று இருக்கிறது, கீமோ நச்சு எவ்வளவு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது. இந்த அம்மாவுக்குப் போட்டுப் பார்ப்போம். 72 வயது தாண்டியதற்கு 2. குடல் சார்ந்த புற்றுநோய்க்கு 2. முழு டோஸ் என்றால் 2. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து என்றால் 2. இதுவரை 8. ஆறு மாதத்துக்குள் விழுந்ததற்கு 3. மொத்தம் 11. பத்தைத் தொட்டாலே அதிக அபாயப் பிரிவு. இந்த மதிப்பெண்ணை உருவாக்கிய ஆய்வில் அப்பிரிவில் 83 சதவீதம் பேருக்குக் கடுமையான நச்சு வந்தது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனால் இன்னொரு 3.

இதில் நம் கையில் இருப்பது டோஸும் மருந்து எண்ணிக்கையும் மட்டும். இரண்டையும் குறைத்தால் 11 என்பது 7 ஆகிறது, நடுத்தர அபாயம். வயதை மாற்ற முடியாது, விழுந்ததை அழிக்க முடியாது, இந்த நாலு மதிப்பெண்ணை மாற்றலாம்.

குறைத்துக் கொடுப்பது ஏமாற்று வேலையும் அல்ல. இரைப்பை, உணவுக்குழாய்ப் புற்றுநோயில் 514 தளர்ந்த முதியவர்களை வைத்துப் பிரிட்டனில் ஜிஓ2 ஆய்வு நடந்தது. 60 சதவீத டோஸ் வாங்கியவர்களுக்கு நோய் கட்டுப்பாடு முழு டோஸுக்குச் சளைக்கவில்லை, அன்றாட வாழ்க்கை மேலாக இருந்தது. கணையத்துக்கு நேரடிச் சான்று அல்ல, ஒத்துக்கொள்கிறேன்.

#6 முழு_டோஸ்

சரி, 4 கிலோமீட்டர் நடக்கும் 76 வயதுக்காரருக்கு?

#7 ஆன்கோ_பிற்பகல்

அவருக்கு ஜெம்-நாப், 1 மற்றும் 15ஆம் நாள். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம் கொடுக்கும் அசல் அட்டவணையில் 8ஆம் நாளோ 15ஆம் நாளோ எப்படியும் அணுக்கள் குறைந்து தள்ளிப்போகும். ஃபோல்ஃபிரினாக்ஸ்தான் வேண்டுமென்றால் 5-எஃப்யூ போலஸை (ஒரே வீச்சில் ஏற்றும் பகுதியை) எடுத்துவிட்டு, இரினோடெகானை சதுர மீட்டருக்கு 180 மி.கி.யிலிருந்து 150-க்கு இறக்கி, வெள்ளை அணுவை ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசித் துணையோடு. 5-எஃப்யூவின் 46 மணி நேர பம்ப் கழன்ற பிறகு குறைந்தது 24 மணி நேரம் விட்டுத்தான் அந்த ஊசி, பெக்ஃபில்கிராஸ்டிம் 6 மி.கி. 5-எஃப்யூவை உடல் சிதைக்கிறதா என்று காட்டும் டிபிடி மரபணு சோதனை செய்யாமல் அது வேண்டாம். இரினோடெகானை வெளியேற்றும் யூஜிடி1ஏ1 மரபணுவின் மாற்றமும் நம் மக்களிடம் அரிதல்ல. இரினோடெகானுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றத்துக்கான சோதனையை வயதைக் காரணம் காட்டித் தவிர்க்காதீர்கள். மாற்றம் இருந்தால் பிளாட்டினம் மருந்து (ஆக்சாலிப்ளாட்டின் போன்றவை) நன்றாக வேலை செய்யும். பிளாட்டினத்தில் நோய் நான்கு மாதம் அடங்கியிருந்தால் ஒலாபாரிப் மாத்திரைக்கு மாறலாம். 2019இல் வந்த போலோ ஆய்வில் நோய் முன்னேறாத காலம் 7.4 மாதம், எதிரே 3.8; மொத்த ஆயுள் கூடவில்லை. பிள்ளைகளுக்கும் அந்தத் தகவல் பயன்படும்.

#8 மருந்தாளர்_2ஆம்_தளம்

க்ரியாட்டினின் 0.9 என்றதும் எல்லோரும் நார்மல் என்று தாண்டிப் போய்விட்டீர்கள். கணக்கைப் போடுங்கள். 140-லிருந்து 78 கழித்தால் 62. எடை 42-ஆல் பெருக்கினால் 2604. அதை 72 × 0.9, அதாவது 64.8-ஆல் வகுத்தால் 40.2. பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 34. நிமிடத்துக்கு 34 மி.லி. தான் இந்த அம்மாவின் சிறுநீரக வடிகட்டல். சதையே இல்லாத உடம்பில் க்ரியாட்டினின் எங்கிருந்து ஏறும்?

அந்த 34-ஐ வைத்துப் பார்த்தால், கேப்சிடபின் மாத்திரை தர நினைத்தால் 75 சதவீதம்தான். 30-க்குக் கீழே போனால் கூடவே கூடாது. வார்ஃபரின் எடுப்பவர் என்றால் கேப்சிடபின் ஐஎன்ஆரை எகிற வைக்கும். ஜெம்சிடபினுக்குச் சிறுநீரகத்துக்கென்று நிலையான குறைப்பு இல்லை, ஆனால் நடுவில் க்ரியாட்டினின் ஏறி, பிளேட்லெட் விழுந்து, இரத்தச்சோகையும் பிரஷரும் கூடினால் வெறும் நீர்ச்சத்துக் குறைவு என்று விட்டுவிடாதீர்கள். நுண்நாள இரத்த உறைவு அது. ஜெம்சிடபினை அன்றே நிறுத்த வேண்டும்.

பிலிருபின் இன்னும் முழுதாக இறங்காமல் ஜெம்சிடபின் தொடங்கினால் 1000-க்குப் பதில் சதுர மீட்டருக்கு 800 மி.கி. நாப்-பாக்ளிடாக்செலைப் பொறுத்தவரை பிலிருபின் மேல் வரம்பின் ஒன்றரை மடங்கைத் தாண்டினால் கணையப் புற்றுநோயில் தருவதில்லை.

இந்த உடல் பரப்பு 1.32 சதுர மீட்டர். முழு ஜெம்சிடபின் 1320 மி.கி. குப்பி 1 கிராமும் 200 மி.கி.யும். 1200-க்கு இறக்கினால் 9 சதவீதக் குறைவு, பத்துக்குள் இருப்பதால் ஏற்கத்தக்கது. மூன்றாவது குப்பி திறக்க வேண்டாம்.

நாப்-பாக்ளிடாக்செலைக் கலக்கும்போது அவசரப்படுகிறவர்கள்தான் அதிகம். 100 மி.கி. குப்பிக்கு 20 மி.லி. சலைன், குப்பியின் உள்சுவரில் படும்படி ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் விட வேண்டும். தூளின் மேல் நேராகப் பீய்ச்சினால் நுரைத்துவிடும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்து, பிறகு இரண்டு நிமிடம் மெதுவாகச் சுழற்றுங்கள், குலுக்காதீர்கள். கலந்த ஜெம்சிடபினை ஃபிரிட்ஜில் வைத்தால் படிகமாகிவிடும்.

#9 கீமோ_வார்டு_சிஸ்டர்

ஏற்றும் வரிசை: முதலில் நாப்-பாக்ளிடாக்செல் 30 நிமிடம், பிறகு ஜெம்சிடபின் 30 நிமிடம். கை எரிகிறது என்று சொன்னால் சிலர் ஜெம்சிடபினை இரண்டு மணி நேரத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். தப்பு. 60 நிமிடத்தைத் தாண்டினால் நச்சு கூடும். வேகத்தைக் குறைப்பதைவிட இன்னும் கொஞ்சம் சலைன் சேர்த்து நீர்க்கவிடலாம், வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம்.

காய்ச்சலைப் பற்றி வீட்டுக்காரர்களிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டும். ஜெம்சிடபின் ஏற்றிய அன்று இரவு வரும் லேசான காய்ச்சல் மருந்தின் குணம், பாராசிட்டமாலில் அடங்கும். ஸ்டென்ட் உள்ளவருக்கு நடுக்கத்தோடு வரும் காய்ச்சல், சிறுநீர் மறுபடி மஞ்சளாவது, கண் மஞ்சளாவது, இவையெல்லாம் பித்தநாளத் தொற்று. இரவு 2 மணியானாலும் வர வேண்டும். ஆன்டிபயாட்டிக் மட்டும் போட்டு வார்டில் வைத்திருந்தால் போதாது, அடைத்த ஸ்டென்ட்டைத் திறந்தால்தான் அடங்கும்.

78 வயதில் காய்ச்சலே வராமலும் தொற்று முற்றும். "அம்மா காலையிலேருந்து ஒரு மாதிரி பேசுறாங்க, டிபன் வேணாம்னுட்டாங்க, யூரின் போகலை" என்று போன் வந்தால் அதையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கீமோ நாளில் டெல்மிசார்ட்டான். 7 கிலோ இறங்கியவருக்கு 49 கிலோவில் எழுதிய பிரஷர் மாத்திரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நின்றபடி ஒருமுறை, படுத்தபடி ஒருமுறை பிரஷர் பாருங்கள். அந்தக் குளியலறை விழுகைக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

#10 மாவட்ட_மருத்துவர்

சிஸ்டர், அந்தக் கடைசிப் பாராவை வகுப்பில் அப்படியே படிக்கப் போகிறேன். சுகர் மாத்திரைகள்?

#11 மருந்தாளர்_2ஆம்_தளம்

கிளிமிபிரைடை முதல் நாளே நிறுத்துங்கள். சரியாகச் சாப்பிடாதவர், வடிகட்டல் 34, கணையத்தில் குளுக்ககானும் குறைவு: சர்க்கரை விழுந்தால் எழாது. மெட்ஃபார்மின் பசியையும் எடையையும் இறக்கும், வயிற்றுப்போக்கு தரும். இந்த வடிகட்டலில் தொடர்ந்தாலும் நாளுக்கு 1000 மி.கி.யைத் தாண்டக் கூடாது, கான்ட்ராஸ்ட் சிடி நேரத்தில் நிறுத்த வேண்டும். எளிய வழி சிறு அளவு பேசல் இன்சுலின் (நாள் முழுதும் மெதுவாக வேலை செய்வது). 100-க்குள் கொண்டுவரும் ஆசையை விட்டுவிடுங்கள். 200-ஐ ஒட்டி இருந்தாலே போதும்.

ஜெம்சிடபின் தனியாக என்றால் வாந்தி குறைவு, டெக்சாமெத்தசோன் இல்லாமலே மெட்டோகுளோப்ரமைடில் ஓட்டலாம். பழக்கதோஷத்தில் சுகரை ஏற்றும் அந்த ஸ்டீராய்டை 8 மி.கி. போட்டுவிட்டு மறுநாள் சுகர் 380 என்று எல்லோரும் பதறுவது தேவையில்லாத வேலை.

#12 உணவுத்_தட்டு

எடை இறங்குவதைப் புற்றுநோய் தின்கிறது என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். கணையத் தலை அடைபட்டால் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்சைம் குடலுக்கு வருவதில்லை. மலம் வெளுத்து, எண்ணெய் மிதந்து, கழுவினாலும் ஒட்டிக்கொண்டு, நாற்றமடித்தால் கொழுப்பு செரிக்கவில்லை. மலச் சோதனைக்குக் காத்திருக்காமல் என்சைம் கேப்சூல் தொடங்கலாம்.

அளவில்தான் கோட்டை விடுகிறோம். 10,000 யூனிட் கேப்சூல் ஒன்று, வேளைக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு "வேலை செய்யலை" என்கிறார்கள். சாப்பாட்டுக்கு 50,000 யூனிட், பலகாரத்துக்கு, பால் கலந்த காபிக்கு 25,000. முதல் கவளத்தோடு பாதி, நடுவில் மீதி. சாப்பிட்டு முடித்துப் போட்டால் உணவு முன்னே போயிருக்கும், மருந்து பின்னால் தனியாகப் போகும். மென்று தின்னக் கூடாது. அப்படியும் மலம் மிதந்தால் அளவைக் கூட்டுங்கள். பிறகு பான்டோபிரசோல் சேருங்கள், ஏனென்றால் அமிலம் அதிகமாகக் குடலில் இறங்கினால் உள்ளே இருக்கும் குருணையின் மேல்பூச்சு கரையாது.

இந்த மருந்து பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது. சைவர்களிடமும் இஸ்லாமியர்களிடமும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்துப் பின்னால் தெரிந்தால் எல்லா மருந்தின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

கொழுப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள். என்சைம் சேர்ந்தால் நெய், தேங்காய், முட்டை எல்லாம் ஓடும். காமாலைக்குப் பத்தியம் என்று மோர்சாதத்திலேயே மூன்று மாதம் வைத்திருந்தால் கீமோ அறை வரை வரமாட்டார்.

பசிக்கு மெஜெஸ்ட்ரால் வேண்டாம், இரத்த உறைவு கூடும். புதுச்சேரி ஜிப்மரில் 124 பேரை வைத்து நடந்து 2023இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: இரைப்பை, கல்லீரல்-கணையம், நுரையீரல் புற்றுநோய்க்காரர்களுக்குக் கீமோவோடு இரவில் ஓலன்சபின் 2.5 மி.கி., 12 வாரம். எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் 60 சதவீதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9. தூக்கக் கலக்கம் வரும், விழும் அபாயம் உண்டு, சுகரையும் பார்க்க வேண்டும். ஆனாலும் விலையில் இதற்குப் போட்டியே இல்லை.

#13 வலி_தணிப்பு

முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலியை யாருமே இதுவரை தொடவில்லை. வலியோடு இருப்பவரின் நடமாட்ட மதிப்பெண்ணே (0 நன்றாக இயங்குபவர், 4 படுக்கையிலேயே கிடப்பவர்) பொய். வலி அடங்கினால் இரண்டு ஒன்றாகலாம்.

மார்ஃபின் வாய்வழி, இந்த உடம்புக்கு 2.5 மி.கி.யில் தொடங்குங்கள். வழக்கமாக நாலு மணிக்கொரு தடவை. வடிகட்டல் 34 என்பதால் இடைவெளியை ஆறு மணியாக்குங்கள். அதன் வளர்சிதைப் பொருள்கள் சிறுநீரகத்தில் தேங்கும். கை வெட்டி வெட்டி இழுப்பது, இல்லாத பூச்சியைத் தட்டுவது, பகலிலும் தூங்கி வழிவது தெரிந்தால் ஃபென்டனைலுக்கு மாறுங்கள். ஃபென்டனைல் பட்டையை நேரடியாகத் தொடங்காதீர்கள்: 25 மைக்ரோகிராம் பட்டை என்பது நாளுக்குச் சுமார் 60 முதல் 90 மி.கி. வாய்வழி மார்ஃபினுக்குச் சமம். பட்டையின் மேல் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் மருந்து ஒரேயடியாக உள்ளே போகும். மார்ஃபின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் எழுதுங்கள், மலச்சிக்கல் வந்த பிறகு அல்ல. டிரமடாலோடு இழுத்தடிக்காதீர்கள்; இந்த வயதில் குழப்பமும் வலிப்பும் வரும்.

மேல்வயிற்று வலியைக் கடத்தும் சீலியாக் நரம்புப் பின்னலில் போடும் ஆல்கஹால் ஊசியைக் கடைசிக்கென்று வைக்காமல், மார்ஃபின் ஏறத் தொடங்கும்போதே யோசியுங்கள். எண்டோ டாக்டர் அதே கருவியால் செய்யலாம். பிறகு சில நாள் வயிற்றுப்போக்கும், எழுந்தால் பிரஷர் இறங்குவதும் உண்டு. மறுபடியும் அந்த டெல்மிசார்ட்டான்.

#14 எண்டோ_மேசை

வலி தணிப்பு மேடம் சொன்னதற்கு ஒரு சேர்க்கை. ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றே டாப்ளர் (இரத்த ஓட்ட ஸ்கேன்). இந்தப் புற்றுநோய்க்கு இரத்த உறைவு கூடப் பிறந்தது. உறைவைத் தடுக்கும் எனாக்சபாரின் ஊசி கிலோவுக்கு 1 மி.கி. இருவேளை, வடிகட்டல் 30-க்குக் கீழே இறங்கினால் ஒரு வேளை. கட்டி டியோடினத்துக்குள் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) நுழைந்திருந்தால் வாய்வழி உறைவுத் தடுப்பு மருந்துகளில் குடல் இரத்தக்கசிவு கூடும், ஊசியிலேயே இருங்கள். சாப்பிட்டதை அப்படியே மாலையில் வாந்தி எடுத்தால் கீமோ வாந்தி என்று நினைத்து மருந்தை ஏற்றாதீர்கள், டியோடினம் அடைத்திருக்கும்.

#15 மாவட்ட_மருத்துவர்

அப்படியானால் இந்த அம்மாவுக்கு முடிவு? எப்போது நிறுத்துவது?

#16 ஆன்கோ_பிற்பகல்

உலோக ஸ்டென்ட், என்சைம், மார்ஃபின், மாத்திரைக் குறைப்பு. மூன்று வாரம் கழித்து அவர் நடந்து உள்ளே வந்து, பிலிருபின் 2-க்குக் கீழே இருந்து, எடை அதற்கு மேல் இறங்காமல் இருந்தால் ஜெம்சிடபின் தனியாக, 800-ல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நன்றாகத் தாங்கினால் இரண்டாவது சுற்றில் கூட்டலாம். கீழிருந்து மேலே போவது எளிது. மேலே தொடங்கிக் கீழே விழுந்தவரை எழுப்ப முடிவதில்லை. எட்டாவது வாரம் சிடி. அதற்கு முன்பே பகலில் பாதி நேரத்துக்கு மேல் படுக்கையில் என்றால் சிடிக்குக் காத்திருக்காமல் நிறுத்திவிடுவேன்.

மூன்று வாரத்தில் அவர் சக்கர நாற்காலியில் வந்தால் கீமோவே இல்லை. ஸ்டென்ட்டும் வலி மருந்தும் என்சைமும் அப்போதும் தொடரும். இரண்டு மகன்களிடமும் பேசுவதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். நாம் இங்கே எழுதிய எதிலும் அவருக்கு என்ன வேண்டும் என்ற வரியே இல்லை.

#17 முழு_டோஸ்

இந்த அம்மாவுக்கு 800, சரி. நடக்கும் 76-காரருக்கு நான் இன்னும் ஜெம்-நாப் பக்கம்தான்.

#18 மாவட்ட_மருத்துவர்

உணவுத் தட்டு மேடம், கேப்சூல் விழுங்க முடியாதவர்களுக்கு? ரசத்தில் கலக்கலாமா என்று கேட்கிறார்கள்.

#19 உணவுத்_தட்டு

கூடாது. சூடு என்சைமைக் கொன்றுவிடும், காபியிலும் கஞ்சியிலும் அப்படித்தான். கேப்சூலைத் திறந்து உள்ளிருக்கும் குருணையை ஒரு கரண்டி புளித்த தயிரிலோ மசித்த ஆப்பிளிலோ கலந்து, கடிக்காமல் உடனே விழுங்கி, ஒரு மடக்குத் தண்ணீர். பாலில் வேண்டாம், புளிப்பு இல்லாததால் மேல்பூச்சு வாயிலேயே கரைந்து நாக்கும் ஈறும் புண்ணாகும். பல்செட் போட்டிருந்தால் கழற்றிக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், குருணை அடியில் தங்கும். டப்பாவை அடுப்படி அலமாரியில் வைக்காதீர்கள், 25 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து.